நான்கு சக்கர மாதிரி வேகன்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

பிரிட்டனின் ஓஓ அளவில், அதாவது 1:76 விகிதத்தில், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் நான்கு சக்கரச் சரக்கு வேகன்களைப் பிளாஸ்டிக் பாகங்களாக வாங்கிக் கட்டுவோருக்காக இதை எழுதுகிறேன். மாலை வேளையில் மேசை விளக்கின் கீழ் அமர்ந்து, ஒரு பக்கச் சுவரையும் ஒரு முனைச் சுவரையும் செங்கோணமாகச் சேர்க்கும் அரை மணி நேரத்தில் மனம் அடையும் அமைதிக்காகவே நம்மில் பெரும்பாலோர் இந்த வேலையில் இறங்கினோம். கட்டி முடித்த வேகன் ஓடாமல் போகும்போது அந்த அமைதி குலைகிறது. என் மேசைக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வந்த பழுதுகளையே இங்கே அறிகுறி வாரியாகத் தருகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும். புதிய பாகம் வாங்குவதும் பிறரிடம் கொடுப்பதும் கடைசியில் வரும்.

சோதனைக்கு வேண்டியவை ஐந்து: ஏடு ஒன்றின் அளவுள்ள தடித்த கண்ணாடித் துண்டு, சிறிய எஃகு மூலைமட்டம், வெர்னியர் அளவி, சக்கர இடைவெளி பார்க்கும் அளவுக்கட்டை, கிராம் கணக்கில் காட்டும் சிறு தராசு. இவற்றுள் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால் கண்ணாடியை வாங்குங்கள். கீழே சொல்லப்படும் ஓட்டப் பழுதுகளில் பாதிக்கு மேல் அந்தக் கண்ணாடியின் மேலேயே வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: கண்ணாடியின்மேல் வைத்தால் வேகன் ஆடுகிறது

வேகனைக் கண்ணாடியின்மேல் வைத்து, நான்கு மூலைகளையும் ஒரு பல்குச்சியின் முனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரு மூலையை அழுத்தும்போது அதற்கு எதிர்மூலை எழும்பினால், மூன்று சக்கரங்கள்தாம் தரையைத் தொடுகின்றன என்று பொருள். எழும்பும் சக்கரத்தின் கீழே சாதாரண எழுதுதாளை நுழையுங்கள். ஒரு தாள் மட்டுமே நுழைந்தால் அப்படியே விட்டுவிடலாம். அந்த அளவுப் பிழையைத் தண்டவாளம் பொறுத்துக்கொள்ளும். இரண்டு தாள்கள் தடையின்றி நுழைந்தால் திருத்தியே ஆக வேண்டும்.

*ஆட்டம் சக்கரத்தோடு இடம் மாறுகிறதா?* எழும்பும் முனையிலுள்ள அச்சைக் கழற்றி, இடவலமாகத் திருப்பிப் பூட்டுங்கள். ஆட்டம் மறு மூலைக்குப் போனால் சக்கரம் அச்சில் கோணலாக ஏறியிருக்கிறது. அதைத் திருத்த முயல வேண்டாம். மாற்றுச் சக்கரம் போடுவதே மலிவு.

*ஆட்டம் அதே மூலையில் நிற்கிறதா?* அங்கேயுள்ள பித்தளைக் கிண்ணத் தாங்கி, அதாவது அச்சின் முனை சுழலும் சிறு குழிவு, அச்சுப்பெட்டிக்குள் முழுமையாக உட்காராமல் இருக்கக்கூடும். துளைக்குள் வார்ப்புப் பிசிறோ பெயிண்டோ இருந்தால், 2 மில்லிமீட்டர் துளையூசியை விரலால் உருட்டிச் சுத்தம் செய்து, தாங்கியை மீண்டும் அழுத்துங்கள். நான் பார்த்த ஆட்டங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு செயலில் தீர்ந்திருக்கின்றன.

*தாங்கி சரியாக இருந்தும் ஆடுகிறதா?* அப்படியானால் அச்சுப்பெட்டிகளைச் சுமக்கும் இரண்டு நீளச்சட்டங்களில் ஒன்று தரைப்பலகையோடு சற்றே சாய்ந்து ஒட்டியிருக்கிறது. ஒட்டி ஒரு நாளுக்குள் கண்டுபிடித்தால், இணைப்பின் நெடுகிலும், பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மெல்லிய கரைப்பான் பசையைத் தூரிகையால் ஒருமுறை ஓடவிட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, வேகனைக் கண்ணாடியின்மேல் நிறுத்தி, அதன் தரைப்பலகைமேல் நூறு கிராம் அளவில் எடையை வைத்து இரவு முழுதும் விட்டுவிடுங்கள். இளகிய இணைப்பு தானே மட்டத்துக்கு வந்து இறுகும். இணைப்பு பழையதாகி முற்றிலும் இறுகிவிட்டிருந்தால், எழும்பும் மூலையின் தாங்கித் துளையை மேல்கீழாகச் சற்று அகலப்படுத்தி, தாங்கியை இருகூறு எபாக்ஸிப் பசையில் மிதக்கவிட்டு, நான்கு சக்கரங்களும் கண்ணாடியில் ஊன்றிய நிலையில் உறையவிடுங்கள்.

இதற்கும் அடங்காத வேகனுக்கு, பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த ஊசலாடும் அச்சுத் தாங்கியை ஒரு முனையில் மட்டும் பொருத்துவது கடைசி வழி. அச்சு நடுவில் ஊசலாடுவதால், வேகன் முக்காலி போல எப்போதும் மட்டமாக நிற்கும். பிளாஸ்டிக் தாங்கிகளின் பின்புறத்தை வெட்டி எடுக்க வேண்டியிருப்பதால் பெயிண்டு அடித்து எழுத்துப் பதித்த வேகனில் இது ஆபத்தான வேலை. உடல் முழுவதுமே முறுக்கியிருந்தால், கட்டணத்துக்கு மாதிரிகள் கட்டித்தரும் அனுபவசாலியிடம் கொடுங்கள். அல்லது சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சரக்குக் கொட்டகையின் பக்கத் தடத்தில் நிரந்தரமாக நிறுத்துங்கள்.

அறிகுறி: வேகன் உருளத் தயங்குகிறது

ஒரு மீட்டர் தடத்தின் ஒரு முனையை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள். நல்ல நிலையிலுள்ள ஊசிமுனை அச்சு வேகன் கை படாமலே உருண்டு இறங்கும். இறங்காவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் அச்சில் சுற்றியுள்ள முடி, நூலிழை. புதிய வேகனிலும் இது நிகழும். துணியால் துடைத்தபோது விட்ட இழை போதும். சாமணத்தால் எடுங்கள்.

அடுத்தது பிரேக் கட்டைகள். வேகனைத் தலைகீழாகப் பிடித்து, விளக்குக்கு எதிரே ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டைக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். ஒளி தெரியாத இடத்தில் கட்டையின் முகத்தை ஊசி அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு தேயுங்கள். பிரேக் அமைப்பை அழகாகப் பொருத்த வேண்டும் என்ற ஆர்வத்தில் சக்கரத்தோடு ஒட்டியே வைத்துவிடுவது நாம் எல்லோரும் செய்யும் பிழை.

பிறகு பக்கவாட்டு அசைவைச் சோதியுங்கள். அச்சை இடவலமாகத் தள்ளும்போது, கால் மில்லிமீட்டர் அளவுக்கு, கண்ணால் காண்பதைவிட விரலால் உணரக்கூடிய அசைவு இருக்க வேண்டும். அசைவே இல்லையென்றால் நீளச்சட்டங்கள் அச்சை நெருக்குகின்றன: தாங்கித் துளையைச் சற்று ஆழப்படுத்துங்கள். அசைவு அளவுக்கு மீறி இருந்தால், ஓஓ அளவுக்குரிய 26 மில்லிமீட்டர் ஊசிமுனை அச்சுதானா என்று வெர்னியரால் அளந்து பாருங்கள். ஐரோப்பிய எச்ஓ அளவு வேகன்களின் அச்சு இதைவிட 1 மில்லிமீட்டருக்கு மேல் குட்டையானது. ஒரு கடையில் இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்ததை அறியாமல் வாங்கி வந்து, மூன்று மாலைகள் நல்ல அடிச்சட்டத்தை நெருக்கியும் விரித்தும் பாழாக்கியிருக்கிறேன். அதன்பின் புதிய சக்கரம் எதையும் அளக்காமல் பூட்டுவதில்லை.

கடைசியாக, இரு அச்சுகளும் இணையாக உள்ளனவா என்று பாருங்கள். ஒன்பது அடி அச்சிடைவெளி கொண்ட வேகனில் இருபுறமும் 36 மில்லிமீட்டரும், பத்து அடி இடைவெளி கொண்டதில் 40 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். இரு பக்கங்களுக்கும் அரை மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலே வேகன் எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். இதற்கு ஒரே மருந்து, ஒரு நீளச்சட்டத்தை மெல்லிய ரம்பத்தால் பிரித்து மீண்டும் ஒட்டுவதுதான்.

எண்ணெய் விட வேண்டாம். அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கையும் நொறுங்கச் செய்யும். வேண்டுமானால் மென்மையான பென்சில் கரியைச் சுரண்டி, அதன் பொடியை அச்சு முனையில் தொட்டு வையுங்கள்.

அறிகுறி: வேகன் தடம் புரள்கிறது

இங்கே அவசரப்பட்டு வேகனைப் பிரிக்கக் கூடாது. எங்கே, எப்போது, எந்தச் சக்கரம் முதலில் இறங்குகிறது என்பதைப் பத்து முறை மெதுவாக ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே கத்தியைத் தொட வேண்டும்.

*எல்லா வேகன்களும் ஒரே இடத்தில் புரண்டால்* பழுது வேகனில் இல்லை. தண்டவாள இணைப்பில் ஒரு முனை உயர்ந்திருக்கிறதா என்று விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இணைப்புத் தகட்டின்மேல் தண்டவாளம் ஏறி நிற்பதே வழக்கமான காரணம்.

*ஒரே வேகன் பாயிண்டுகளில், அதாவது தடம் பிரியும் இடங்களில், மட்டும் புரண்டால்* சக்கரங்களின் பின்பக்க இடைவெளியைப் பாருங்கள். ஓஓ அளவில் அது 14.4 முதல் 14.5 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். குறைந்தால், பாயிண்டில் சக்கரத்தை வழிநடத்தும் காப்புத் தண்டவாளம் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கும். கூடினால் சக்கர விளிம்பு, தவளை எனப்படும், இரு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தின் கூர்முனையில் மோதும். பிளாஸ்டிக் மின்காப்பு வளையம் கொண்ட உலோகச் சக்கரத்தை அச்சைப் பிடித்து மெல்லச் சுழற்றியபடி இழுத்தால் நகரும். குறடு பயன்படுத்தினால் சக்கரம் கோணலாகி, முதல் அறிகுறியில் கொண்டுபோய் விடும். அளவுக்கட்டை இரு சக்கரங்களுக்கும் இடையே எந்தக் கோணத்திலும் ஒரே இறுக்கத்தோடு நுழைய வேண்டும்.

*ஒரே வேகன் எங்கு வேண்டுமானாலும் புரண்டால்* கண்ணாடிச் சோதனைக்குத் திரும்புங்கள். அதில் தேறினால் தராசில் வையுங்கள். பாகங்களாக வரும் பிளாஸ்டிக் வேகன் கட்டி முடித்த நிலையில் பெரும்பாலும் மிகக் குறைந்த எடையே கொண்டிருக்கும். அச்சு ஒன்றுக்கு 25 கிராம், ஆக நான்கு சக்கர வேகனுக்கு 50 கிராம் என்பது நெடுங்காலமாகப் புழங்கிவரும் கணக்கு. நானும் அதையே பின்பற்றுகிறேன். எடை சேர்க்க இரும்பு நட்டுகளும் வாஷர்களும் போதும். அவற்றை அச்சுகளுக்கு இடையே, முடிந்த அளவுக்குத் தாழ்வாக, இருகூறு எபாக்ஸியால் பதியுங்கள். கூரைக்குக் கீழே ஒட்டினால் வேகன் வளைவில் சாயும். ஒரே தொடரில் ஓடும் வேகன்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே எடையில் இருப்பது, ஒரு வேகன் மிகச் சரியான எடையில் இருப்பதைவிட முக்கியமானது. இலேசானது நடுவிலும் கனமானது கடைசியிலும் அமைந்தால், வளைவில் இலேசானது உட்புறமாக இழுபட்டு விழும்.

*பின்னோக்கித் தள்ளும்போது மட்டும் புரண்டால்* வேகன் முனைகளில் மோதலைத் தாங்கும் பஃபர்கள் ஒன்றோடொன்று சிக்குகின்றனவா என்று வளைவில் குனிந்து பாருங்கள். பிரிட்டிஷ் ரெடிமேட் தடங்களில் முதல் வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர், இரண்டாவதன் ஆரம் 438 மில்லிமீட்டர். முதல் வளைவில் நெருக்கமான கப்ளிங் (வேகன்களை இணைக்கும் கொக்கி) கொண்ட வேகன்களைத் தள்ளினால் பஃபர்கள் சிக்காமல் இருப்பது அரிது. கப்ளிங்கை அரை மில்லிமீட்டர் முன்னே தள்ளுவது மலிவான வழி. தடத்தை இரண்டாம் அல்லது மூன்றாம் வளைவுக்கு மாற்றுவது செலவான, ஆனால் நிலையான வழி. பஃபர் தலைகளின் நடு உயரம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு வேகன் மட்டும் தாழ்ந்து நின்றால் அதன் பஃபர் அடுத்ததன் கீழே நழுவும். அச்சுப்பெட்டியின் துளை மேலே ஏறியிருப்பதோ, 12.6 மில்லிமீட்டருக்குப் பதிலாகச் சிறிய சக்கரம் போட்டிருப்பதோ அதற்குக் காரணமாக இருக்கும்.

அறிகுறி: ஓட்டத்தின்போது கப்ளிங் தானே கழன்றுவிடுகிறது

கழலும் வேகனையும் அதற்கு அடுத்ததையும் கண்ணாடியின்மேல் முகத்துக்கு முகம் நிறுத்தி, கப்ளிங் கம்பிகளின் உயரத்தை ஒப்பிடுங்கள். கொக்கி தளர்ந்து தொங்குவதும், அதன் கீல் ஓட்டையில் பெயிண்டு ஏறி இறுகுவதும் முதல் காரணங்கள். கப்ளிங்கைப் பொருத்திய பிறகு வேகனுக்குப் பெயிண்டு அடிக்காதீர்கள். அடுத்த காரணம், கப்ளிங் பொருந்தும் மேடை சாய்வாக ஒட்டப்பட்டிருப்பது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை அடியில் வைத்து நிமிர்த்தலாம். ஒரே தொடரில் இரு வேறு வகைக் கப்ளிங்குகளைக் கலந்து ஓட்டுவதை நான் விட்டுவிட்டேன். காந்தத்தால் கழலும் கேடி வகைக்கு மாறுவதென்றால், தொடரின் இரு முனை வேகன்களில் மட்டும் அவற்றைப் போட்டு, நடுவே எளிய கம்பிக் கொக்கிகளை வைப்பது செலவைப் பெரிதும் குறைக்கும்.

அறிகுறி: திறந்த வேகனின் பக்கச் சுவர்கள் உள்நோக்கி வளைகின்றன

இது உடனே தெரியாது. கட்டி, பெயிண்டு அடித்து, அலமாரியில் வைத்து, சில மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது, சுவரின் மேல்விளிம்பு நடுவில் இடுப்பு ஒடுங்கியது போல உள்வாங்கியிருக்கும். எஃகு அளவுகோலை விளிம்போடு சேர்த்து வைத்தால் இடைவெளி கண்ணில் படும். எத்தனையோ மணி நேரம் செலவிட்ட வேகன் இப்படி ஆவதைக் காணும் வருத்தம் எனக்குத் தெரியும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

*கரைப்பான் பசை மிகுதி.* மிகப் பரவலான காரணம் இதுதான். இணைப்பில் ஊறிய கரைப்பான் பிளாஸ்டிக்குக்குள் தங்கி, வாரக்கணக்கில் மெல்ல வெளியேறும்போது அந்தப் பகுதி சுருங்கி, சுவரை உள்ளே இழுக்கிறது. இருபுறச் சுவர்களையும் தரைப்பலகையோடு ஒட்டும்போது தூரிகையை ஒருமுறை தொட்டால் போதும். கரைப்பான் இடுக்கில் தானே ஓடும். வெயில் கடுமையான நாட்களில் அது ஓடுவதற்கு முன்பே உலர்ந்துவிடும் என்பதால் மீண்டும் மீண்டும் தொடத் தோன்றும். அந்த நாட்களில் விசிறியை நிறுத்திவிட்டு, இணைப்பைச் சிறுசிறு பகுதிகளாக ஒட்டுவதே சரி. ஆனால் மூடிய அறையில் இப்பசைகளைப் பயன்படுத்தலாகாது. சன்னல் திறந்திருக்க வேண்டும்.

*தரைப்பலகை குறுகலாக இருப்பது.* ஒட்டுவதற்கு முன் சுவர்களைப் பசையின்றி நிறுத்தி, தரைப்பலகைக்கும் சுவருக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்த இடைவெளியைப் பசை இழுத்து மூடிக்கொள்ளும் என்று நம்பாமல் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் நிரப்புங்கள்.

*இரட்டைத் தரை.* உட்புறப் பலகை வரிகளுக்காக ஒரு தகட்டின்மேல் இன்னொன்றை முழுப்பரப்பும் பசை தடவி ஒட்டியிருந்தால், நடுவில் அகப்பட்ட கரைப்பானுக்கு வெளியேற வழியில்லை. இனிக் கட்டும் வேகன்களில் அடித்தகட்டில் நான்கைந்து சிறு துளைகள் இட்டுவிடுங்கள்.

திருத்தும் முறை, வேகன் சரக்கு ஏற்றியதா வெறுமையானதா என்பதைப் பொறுத்தது. நிலக்கரி ஏற்றிய வேகனாகக் காட்ட ஒப்புக்கொண்டால் வேலை எளிது: சுவர்களின் உட்புற அகலத்துக்குச் சரியாக வெட்டிய 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் குறுக்குத் தகடுகள் இரண்டை மேல்விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி நிறுத்தி, சுவரை நேராக்கி ஒட்டி, அவற்றின்மேல் அட்டையை மூடி, உண்மையான நிலக்கரியை நுணுக்கித் தூவிவிடலாம். வெறுமையாக வைக்க விரும்பினால், உட்புற அகலத்தைவிட அரை மில்லிமீட்டர் அகலமான மரக்கட்டையை உள்ளே செருகி, மேல்விளிம்பு நாற்பது ஐம்பது பாகை வெப்பத்தில் இருக்கும்படி வெந்நீர்த் துணியால் ஒற்றி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சிறிய வளைவு இதில் குறையும். பெரிய வளைவு குறையாது. கொதிநீரைத் தொடவே கூடாது, ஏனெனில் பாலிஸ்டைரீன் அந்த வெப்பத்தில் உருக்குலையும். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வளைவு கொண்ட வெறும் வேகனுக்காக யாரிடமும் பணம் கொடுத்துத் திருத்தச் சொல்ல நான் பரிந்துரைப்பதில்லை. மாற்றுச் சுவர்கள் தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் நிலக்கரி ஏற்றுங்கள்.

அறிகுறி: தரைப்பலகை உப்புகிறது, இடுக்குகளில் வெண்பொடி கசிகிறது

பழைய வேகன்களிலும், பிறர் கட்டியதை வாங்கியவற்றிலும் இதைக் காணலாம். எடைக்காகப் போட்ட ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையால், அதாவது தச்சர்கள் பயன்படுத்தும் பாலிவினைல் அசிட்டேட் பசையால், ஒட்டியதன் விளைவு அது. அந்தப் பசை விடும் அசிட்டிக் அமிலமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈயத்தை மெல்ல மெல்ல ஈயக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. அது ஈயத்தைவிட அதிக இடம் கொள்வதால், ஆண்டுகள் கழித்து உடலைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

இதில் படிப்படியான சோதனை எதுவும் இல்லை. வெண்பொடியைக் கண்டால் ஊதாதீர்கள், உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அது நஞ்சு. கையுறை அணிந்து, ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, தாளையும் ஈயத்தையும் பையில் கட்டி, வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் அபாயக் கழிவாகக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள். சிறுவர்கள் இருக்கும் வீட்டில் அந்த வேகனை உணவு மேசையில் வைத்துப் பிரிக்க வேண்டாம். உடல் இன்னும் பிளக்காமல் இருந்தால், ஈயத்தை நீக்கிவிட்டு இரும்பு வாஷர்களை எபாக்ஸியால் பதியுங்கள். பிளந்திருந்தால் சக்கரம், கப்ளிங், பஃபர் ஆகியவற்றைக் காப்பாற்றிக்கொண்டு உடலைக் கைவிடுங்கள்.

அறிகுறி: பெயிண்டு சொரசொரப்பாகவோ வெண்படலமாகவோ படிகிறது

மணல் தூவியது போலச் சொரசொரத்தால், தெளித்த பெயிண்டு வேகனை அடைவதற்குள் காற்றிலேயே உலர்ந்திருக்கிறது. குப்பியைச் சற்று அருகில் பிடித்து, கோடை நண்பகலை விட்டு அதிகாலையில் தெளியுங்கள். வெண்படலம் படர்ந்தால் காற்றின் ஈரம் வார்னிஷில் கலந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் நம் ஊர்களில் தெளிப்பு வார்னிஷைத் தொடாமல் இருப்பதே நல்லது. அந்த வாரங்களைப் பாகங்களைப் பிசிறு நீக்கவும், கம்பிகளை வளைக்கவும் ஒதுக்கிக்கொள்ளலாம். படிந்துவிட்ட வெண்படலம், வறண்ட நாளில் அதே வார்னிஷை மிக மெல்லியதாக மறுபடி தெளித்தால் பலமுறை தெளிந்துவிடுகிறது.

பெயிண்டு உரிந்து வந்தால், வார்ப்பச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு கழுவப்படவில்லை. கட்டுவதற்கு முன் பாகங்களை, அவை இணைந்து வரும் வார்ப்புச் சட்டத்தோடு வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி உலரவிடும் பத்து நிமிட வேலையை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

அறிகுறி: டீக்கலை (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலத்தை) சுற்றி வெள்ளி போன்ற பளபளப்புத் தெரிகிறது

மேட், அதாவது பளபளப்பில்லாத, பெயிண்டின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்கும் டீக்கல் படலத்துக்கும் இடையே காற்று அகப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே ஒட்டிவிட்டிருந்தால், மெல்லிய ஊசியால் படலத்தில் சில குத்துகள் இட்டு, மைக்ரோசால் போன்ற மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டு வைத்து, அது சுருங்கி நெளிவதைக் கண்டு பதறாமல், விரலால் தொடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். தேவைப்பட்டால் இதை மூன்று முறை செய்யலாம். அடுத்த வேகனுக்கு முதலில் பளபளப்பு வார்னிஷ், பின்பு டீக்கல், கடைசியில் மேட் வார்னிஷ் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

அறிகுறி: காவலர் வேனின் (ரயில் கார்டு பயணிக்கும் வண்டியின்) சன்னல் தகடு மங்கிவிடுகிறது

உடனடிப் பசையின் ஆவி படிந்திருக்கிறது. துடைத்தால் போகாது, தகட்டை மாற்றுங்கள். சன்னலுக்கு, உலர்ந்ததும் தெளிவாகும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள். அருகில் ஈயம் இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

அறிகுறி: பிரேக் நெம்புகோல், கைப்பிடி போன்ற நுண்பாகங்கள் ஒடிந்துகொண்டே இருக்கின்றன

ஒருமுறை ஒடிந்ததை ஒட்டலாம். அதே இடத்தில் இரண்டாம் முறை ஒடிந்தால் ஒட்டாதீர்கள். கைப்பிடிகளை 0.3 அல்லது 0.45 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியால் மாற்றி, இரு முனைகளையும் துளையிட்ட குழிக்குள் செருகி ஒட்டினால் வேகனைக் கையில் எடுப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டும்போதே ஒடிகிறது என்றால், குறடு மழுங்கியிருக்கிறது. பாகத்திலிருந்து தள்ளி முதலில் வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒரே மாலையில் இரண்டாவது பாகம் ஒடிந்தால் விளக்கை அணைத்துவிடுங்கள். கை களைத்திருப்பதை அது சொல்கிறது. ஓய்வுக்காகச் செய்யும் வேலையில் அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிவது நமக்கு நாமே செய்யும் மரியாதை.

அறிகுறி: நன்றாக ஓடுகிறது, ஆனால் பார்வைக்கு ஏதோ சரியில்லை

இது ஓட்டப் பழுது அன்று. எனினும், விவரங்களைச் சேர்ப்பவர் நெஞ்சில் முள்ளாகத் தைப்பது இதுவே. 1948க்குப் பிந்தைய பிரிட்டிஷ் ரயில்வேயின் வேகன் என்றால், கீழ்க்கண்டவற்றை நிழற்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரேக் நெம்புகோலின் கைப்பிடி, எந்தப் பக்கத்திலிருந்து நோக்கினாலும் நோக்குபவருக்கு வலமுனையில் இருக்க வேண்டும். இரு பக்கத்தையும் கண்ணாடிப் பிம்பம் போல அமைத்துவிடுவது எளிதாக நேரும் பிழை. பெயிண்டுக்கு முன் கண்டால் பெயர்த்து மாற்ற ஐந்து நிமிடம் ஆகும்.

16 டன் கனிம வேகனின் சுவரில் இடப்படும் வெள்ளைச் சாய்கோடு அலங்காரம் அன்று. வேகனைக் கவிழ்த்துக் கொட்டுவதற்கான முனைக்கதவு எந்தப் பக்கம் என்பதைத் தொலைவிலிருந்தே காட்டும் குறி அது. கோட்டின் மேல்முனை கதவுள்ள பக்கத்தை நோக்கி ஏற வேண்டும். ஒரு பக்கத்துச் சுவரில் இடமிருந்து வலமாக ஏறினால், மறுபக்கச் சுவரில் வலமிருந்து இடமாக ஏறும்.

எஞ்சினிலிருந்து குழாய் வழியே இயங்கும் வெற்றிடப் பிரேக் இல்லாத வேகன்களுக்குச் சாம்பல் நிறமும், அது உள்ளவற்றுக்குப் பாக்சைட் எனப்படும் செம்பழுப்பு நிறமும் பூசப்பட்டன. செம்பழுப்பு வேகனின் முனைகளில் பிரேக் குழாய் இல்லாவிட்டால் கண் உறுத்தும். 0.7 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து, மேலே மெல்லிய செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றினால் குழாய் ஆயிற்று. எண்ணுக்கு முன்னுள்ள எழுத்தையும் பாருங்கள்: பிரிட்டிஷ் ரயில்வே தானே கட்டுவித்தவற்றுக்குப் பி என்னும் ஆங்கில எழுத்தும், தேசியமயமாக்கலின்போது தனியாரிடமிருந்து வந்தவற்றுக்குப் பீ என்று ஒலிக்கும் மற்றோர் எழுத்தும் இடப்பட்டன. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், முதலாவது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து, மற்றது பதினாறாம் எழுத்து. டீக்கல் தாளில் இரண்டும் அருகருகே இருப்பதால் பெருக்காடியின் கீழ் பார்த்தே வெட்டுங்கள்.

எண் மட்டும் தவறென்றால், டீக்கலின்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் அந்தச் சிறு கட்டத்தை மட்டும் அடிநிறத்தால் மூடிப் புதிய எண் பதியுங்கள். உண்மை வேகன்களிலும் எண்ணைப் புதுப்பித்தபோது அப்படிப் புதிய நிறக் கட்டங்கள் விழுந்ததுண்டு. ஆனால் முன்னோர் ஒருவர் தூரிகை கொண்டு கையால் எழுதிய நிலக்கரி வணிகர் பெயரோடு உங்களிடம் வந்த வேகனாக இருந்தால், எழுத்துக்கு அருகில் எதையும் தொடாதீர்கள். சக்கரத்தையும் கப்ளிங்கையும் மட்டும் மேலே சொன்ன முறையில் சரிசெய்யுங்கள். எழுத்து உதிரத் தொடங்கியிருந்தால், பழைய மாதிரிகளின் பெயிண்டைப் பாதுகாக்கும் வேலை அறிந்தவரிடம் அதைக் காட்டிய பிறகே வார்னிஷ் அடிக்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.